சீலையில் சுற்றிய மோட்டார்

திருமணிமுத்தாற்றில் ஓடுவதைத் தண்ணீர் என்று கோரைப்பள்ளத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். சேலத்துச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேர்ந்து ஒருநாள் சிவப்பாக வரும், ஒருநாள் கறுப்பாக வரும். ஆற்றைப் பார்த்தே அங்கே இன்றைக்கு என்ன நிறத்து நூல் நனைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்பது ஊரில் பழைய கேலி. அந்தக் கார்த்திகையில் புயல் கரையேறி, ஏற்காட்டு மலையில் விடாமல் பெய்தபோது, ஆறு கரையை விட்டு மேலே வந்தது. ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே பள்ளத்தில் இருந்த விசைத்தறிக் குடோன்களுக்குள் இடுப்பளவு நின்றது.

பூபதியின் குடோன்தான் ஆற்றுக்கு மிக அருகில் இருந்தது. குடோனை ஒட்டி அவன் வீடு. வீட்டுக்குப் பின்னால், தறி ஓட்டுகிற பிகாஷும் நாடாவுக்கு நூல்தார் சுற்றுகிற அவன் மனைவி சுமித்ராவும் குடியிருந்த ஓட்டு அறை. தண்ணீர் ஏறியதும் பூபதியும் அவன் மனைவி ரஞ்சிதாவும் மேட்டில் இருந்த அவன் அண்ணன் காளிதாஸ் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிகாஷும் சுமித்ராவும் குடோன் மொட்டை மாடியில் தார்பாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களையும் மேட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்று ரஞ்சிதா சொன்னாள். காளிதாஸ் வீட்டில் இடமில்லை என்று மாரக்காள் சொன்னாள். மாரக்காள் காளிதாஸின் மனைவி. உண்மையிலேயே இடமில்லைதான். பள்ளத்துச் சொந்தம், ஒறம்பரை எல்லாம் அங்கேதான் படுத்திருந்தது.

ஆட்கள் நிறைய இருந்ததால் வாசலில் அடுப்புக் கூட்டிப் பெரிய குண்டானில் சோறு பொங்கினார்கள். விறகு நனைந்திருந்தது. ரஞ்சிதா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதிக்கொண்டிருந்தாள். மின்சாரம் கிடையாது. காளிதாஸுக்குப் போர் போடுகிற ரிக் லாரி ஒன்று இருந்தது. அதன் பேட்டரியில் அவர் போன் மட்டும் சார்ஜ் ஏறியது. மற்றவர்கள் போன்கள் செத்துக் கிடந்தன. அதனால் சேதி எல்லாம் அந்த ஒரு போனில் இருந்துதான் வந்தது.

சாயங்காலம் அதில் ஒரு குரல் வந்தது. யாரோ ஒரு ஆள் மூச்சிரைக்கப் பேசினான். ஓமலூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் வடக்கத்திக்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அள்ளுகிறார்கள், போலீஸ் வராது, அவரவர் ஊரை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது குரல். காளிதாஸ் அதை மூன்று நான்கு தரம் எல்லாரும் கேட்கும்படி போட்டார்.

"இத யாரு பேசறது?" என்று தங்கசாமி கேட்டார். அவருக்கும் பள்ளத்தில் குடோன் இருந்தது.

"யாரு பேசுனா என்ன? ஓமலூர்ல நடந்தது இங்க நடக்க எத்தன நேரமாவும்? பள்ளத்துல ஊடு பூராப் பூட்டிக் கெடக்குது."

"நம்மகிட்டயும் இருக்கறானுகளே, அவனுக?"

"அவனுகளத்தான் சொல்றேன்."

"என்ற குடோன்ல இருக்கறவன் நல்லவன் காளிதாஸு. பீடி கூடக் குடிக்கமாட்டான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. என்ற ஆளு நல்லவன், என்ற ஆளு நல்லவன்னு. அப்பறம் கெட்டவன் எந்தக் குடோன்ல இருக்கறான்?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு முடிவும் ஆகிவிட்டது. மாரியம்மன் நோம்பிக்கு நகை சாத்தியிருக்கும் நாட்களில் கோயிலைக் காக்க வீட்டுக்கு ஒரு ஆள் போவது ஊரில் வழக்கம். ஆள் அனுப்பாத வீட்டுக்கு மறுவருசம் தீர்த்தக்குடம் தூக்க உரிமையில்லை. அதே மாதிரி இப்போதும் வீட்டுக்கு ஒரு ஆள் என்றார் காளிதாஸ். தறியில் குறுக்கே ஓடும் நாடாவைத் தட்டிவிடுகிற மரக்கட்டை எல்லாரிடமும் இருந்தது. நல்ல கனமான கட்டை. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். கையில் சுமையோடு எந்த வடக்கத்தியான் மேட்டுப்பாதையில் வந்தாலும் நிறுத்திக் கேட்பது என்று பேச்சு.

ரஞ்சிதா அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பிகாஷ் அவள் நினைவுக்கு வரவில்லை. அவன் வடக்கத்தியான் என்பதே அவளுக்கு மறந்து போய் நாளாகியிருந்தது. பூபதி ஒரு வட்டல் சோறு தின்றுவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிகாஷ் கொல்லைப் படலோரம் வந்து நின்றான். முழங்காலுக்கு மேல் சேறு. கையில் தூக்குப்போசி. முந்தின நாள் ரஞ்சிதா சோறு போட்டு அனுப்பியது.

"அக்கா, தண்ணி கொறஞ்சிருச்சுங்க. முழங்காலுக்குத்தான் இருக்குதுங்க."

"தறியெல்லாம் எப்படி கெடக்குது?"

"பாவு நூலு பூராப் போச்சுங்க. கருப்பா ஒட்டிக் கெடக்குது. நாத்தம் தாங்க முடியலீங்க. மோட்டாரெல்லாம் சேத்துக்குள்ள இருக்குதுங்க."

அவன் ஒடிசாக்காரன். ஊரில் எல்லாரும் அவனை இந்திக்காரன் என்றாலும் அவனுக்கு இந்தி அரைகுறைதான். தமிழ் குடோனுக்குள் கற்றது. அதனால் அவனுக்கு 'ங்க' இல்லாமல் தமிழ் பேசத் தெரியாது. குடோன் வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட "தள்ளிப் போங்க" என்பான். தறிச்சத்தத்தில் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ரஞ்சிதா போசியை வாங்கித் திறந்தாள். உள்ளே ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதைச் சுமித்ரா வந்த புதிதில் அவளிடம்தான் கற்றாள். அன்றிலிருந்து ஒரு தடவை கூட வெறும் போசி வந்ததில்லை. ஒரு கைப் பொரி, நாலு மிளகாய், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு செம்பருத்திப் பூ.

"இந்த வெள்ளத்துல கறிவேப்பல எங்க புடிச்சா அவ?"

"மாடி மேல மரத்துக் கெளை வருதில்லீங்களா. அதுலதான்."

ரஞ்சிதா மறுபடியும் சோறு போட்டுக் கொடுத்தாள். பிறகு யோசித்தாள். நனைந்த மோட்டாரைச் சேற்றோடு விட்டால் காயில் போய்விடும். கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, காயில் கட்டுகிற கடையில் கொடுக்க வேண்டும். பள்ளத்துக் குடோன்காரர்கள் எல்லாரும் அந்த ஒரு கடை வாசலில்தான் போய் நிற்பார்கள். முதலில் கொடுத்தவன் தறி முதலில் ஓடும். தை பிறப்பதற்குள் ஓட்டாவிட்டால் பாவு கொடுக்கிற முதலாளி வேறு குடோனைப் பார்த்துப் போய்விடுவார்.

"பிகாஷு, விடிஞ்சதும் மோட்டார ஒண்ணொண்ணாக் கழட்டி இங்க கொண்டாந்துரு. இன்னம் தூறலு இருக்கும். நனையாமச் சுத்திக் கொண்டா."

"எதுலீங்க சுத்தறது? சாக்கெல்லாம் நனஞ்சு போச்சுங்க."

அவள் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். "பரண் மேல துணி மூட்ட இருக்குது. அதுல மேலாகவே ஒரு பழைய சீல இருக்கும். மாம்பழக் கலரு. அத எடுத்துக்க."

"ஓனர்கிட்டச் சொல்லோணுமுங்களா?"

"நாஞ் சொல்லிக்கிறேன். நீ போ சாமி."

பூபதியிடம் சொல்ல அவளால் முடியவில்லை. அவன் போன் செத்திருந்தது. காவலிலிருந்து காலையில் வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் மஞ்சள் வெளிச்சமும் தூறலும் கலந்திருந்தது. பூபதி வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். டீயை வாங்கியவன் குடிக்கவில்லை.

"மோட்டார் வந்துருச்சுங்களா?" என்று ரஞ்சிதா கேட்டாள். "பிகாஷக் கழட்டிக் கொண்டாரச் சொல்லியிருந்தேன். உங்ககிட்டச் சொல்லத்தான் முடியல. ஊட்டுச் சாவியக் குடுத்தனுப்பிச்சேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். நிமிரவில்லை.

"ஏனுங்க, உங்களத்தான்."

"மேட்டுப்பாதைல ஒருத்தனப் புடிச்சாங்க" என்றான். "அடிச்சுப் போட்டாங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"யார?"

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்படியிலிருந்து மாரக்காள் சொன்னாள். "உங்க குடோன் இந்திக்காரனத்தான். உன்ற சீலயத் திருடி மோட்டாரச் சுத்திட்டு வந்தானாமா. ஊட்டுச் சாவி பாக்கெட்ல இருந்துச்சாமா. எத்தன தைரியம் பாரு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மாரக்காள்தான் ஓடிப்போய் இறக்கினாள்.

"நான் குடுத்தது அக்கா அது" என்றாள் ரஞ்சிதா. "சீலயும் நான் குடுத்தது. சாவியும் நான் குடுத்தது."

பிகாஷைத் தூக்கிப் போனது தங்கசாமியின் சரக்கு ஆட்டோ. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. விலா எலும்பும் போயிருக்கும் என்றார்கள். சுமித்ரா சேற்றுக்காலோடு அதே ஆட்டோவில் ஏறிப் போயிருந்தாள்.

மத்தியானம் காளிதாஸ் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். பூபதியைக் கூப்பிட்டார். ரஞ்சிதா கூப்பிடாமலே வந்து தூணோரம் நின்றாள்.

"ஸ்டேசன்ல இருந்து போன் வந்துச்சு" என்றார் அவர். "ஆஸ்பத்திரில இருந்து அவங்களுக்குச் சேதி போயிருச்சு. கேஸு எழுதித்தான் ஆவோணுமாம். மோட்டார் ஓனரு திருட்டுன்னு எழுதிக் குடுத்தா அவன் மேல கேஸு. கை செரியானதும் உள்ள கொண்டுபோயிருவாங்க. எழுதிக் குடுக்கலீன்னா அடிச்சவங்க மேல கேஸு. ஊட்டுக்கு ஒரு ஆளு போயிருக்கறோம். ஊரே ஸ்டேசன் வாசல்ல நிக்கோணும். எழுது."

"மாமா, அவன் திருடலீங்க" என்றாள் ரஞ்சிதா.

"தெரியும் அம்மிணி. இப்பத்தான் மாரக்கா சொன்னா."

"தெரிஞ்சுமா எழுதச் சொல்றீங்க?"

"அடிக்கறப்பத் தெரியாதில்ல. தெரியாம நடந்துபோச்சு. நடந்தத என்ன பண்றது? அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு பூரா நாம பாத்துக்கலாம். ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கலாம். ஆறு மாசத்துல கேஸு ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"உங்களுக்கு அவனத் தெரியாதுங்களா மாமா? நாலு வருசமா நம்ம குடோன்லதான் இருக்கறான். போன நோம்பிக்கு உங்க ஊட்டுப் பந்தலுக்குக் கால் நட்டது அவன்தானே."

காளிதாஸ் பேனாவைத் திருகினார். "மழை. மோட்டாரச் சுத்துன சீலயோட மிச்சத்தத் தலமேல போட்டுட்டு வந்தான். மூஞ்சி தெரியல. நில்லுடான்னா, ஏனுங்கங்கறான். அடி விழுகுது, ஏனுங்க அடிக்கறீங்கங்கறான். ஒருத்தன் அக்கட்ட இருந்து, மரியாதையப் பாருடான்னு சிரிச்சான்." அதைச் சொன்னபோது அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே குரலை உயர்த்தினார். "கூட இருக்கறவன்தான் அம்மிணி மொதல்ல எடுப்பான். நாளைக்கு நெசமாவே எடுத்தான்னா அப்ப யாரு வந்து நிப்பா?"

"நீங்க எத்தனாவதாப் போனீங்க?" என்று ரஞ்சிதா புருசனைக் கேட்டாள்.

"சொன்னனே. முடிஞ்சப்பறம்தான் போனேன்" என்றான் பூபதி. காளிதாஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்கென்ன பயம்? மோட்டார் என்னுது, பொண்டாட்டி சொல்லித்தான் எடுத்தான்னு எழுதிக் குடுங்க."

"அண்ணன் உள்ள போவோணுமா?"

அந்த வீட்டுச் சோறுதான் ரஞ்சிதாவின் வயிற்றில் இருந்தது. அவர்கள் படுத்தது அந்த வீட்டுப் பாயில். வெள்ளம் ஏறிய அன்று அவளைக் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்ததும் காளிதாஸ்தான். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

பூபதி எழுதவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ரஞ்சிதா காளிதாஸ் வீட்டு அடுப்பில் பொங்கவில்லை. பள்ளத்துக்கு இறங்கிப் போனாள். தன் வீட்டுக்குள் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு, மேடை மேல் கேஸ் அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்துச் சோறு வைத்தாள். வேலி முள்ளில் எங்கோ ஒரு பண்ணையிலிருந்து அடித்து வந்த கோழிகள் உப்பிக் கிடந்தன. குடோன் மாடிப்படியில் சுமித்ரா கவிழ்த்துவைத்துப் போன தூக்குப்போசி இருந்தது. அதை எடுத்து மூன்று தரம் கழுவினாள். சோறு, ரசம், ஒரு முட்டைப் பொரியல். பூபதி பின்னாலேயே வந்து நின்றிருந்தான்.

"நானும் வாரேன்" என்றான்.

பஸ் ஜன்னலுக்கு வெளியே சாலையோரம் முழுக்கத் துணி காய்ந்தது. நனைந்த நூல்கட்டுகளைக் குடோன்காரர்கள் வேலிமேல் பிரித்துப் போட்டிருந்தார்கள். சேலம் நெருங்கும்போது, மூட்டையும் பிளாஸ்டிக் பையுமாகச் சின்னச் சின்னக் கூட்டமாக ஆட்கள் ஜங்ஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வடக்கத்தியர்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ தெரியல, நேத்துல இருந்து இப்படித்தான் போறானுக" என்றான்.

வார்டில் பிகாஷ் கட்டில் ஓரத்தில் படுத்திருந்தான். வலது கையில் கட்டு. ஒரு கண் மூடிக் கிடந்தது. சுமித்ரா தரையில் சுவரோடு உட்கார்ந்திருந்தாள். வாக்குமூலம் வாங்க வந்த ஏட்டு ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சிதா போசியை நீட்டினாள். சுமித்ரா அதைப் பார்த்தாள். கை நீட்டவில்லை. ரஞ்சிதா அதைக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

"நீதான் மோட்டார் ஓனரா?" என்று ஏட்டு கேட்டார். "இவன் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறான். கேட்டா, ஓனரக் கேளுங்கங்கறான். சொல்லு. திருடுனானா, இல்லியா?"

"திருடலீங்க" என்றான் பூபதி. "எங்க ஊட்ல சொல்லித்தான் எடுத்தானுங்க. சீல, சாவி எல்லாம் அவதான் குடுத்தா."

ரஞ்சிதாவுக்கு மூச்சு இறங்கியது.

"அப்ப அடிச்சது யாரு?"

"நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க."

கட்டிலில் அசைவு தெரிந்தது. பிகாஷ் திறந்திருந்த கண்ணால் பூபதியைப் பார்த்தான். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"ஓனர், நீங்கதானுங்க மொதல்ல அடிச்சீங்க."

வார்டில் யாரோ இருமினார்கள். ரஞ்சிதா புருசனைப் பார்க்கவில்லை. போசியின் மூடியையே பார்த்தாள்.

"அது செரீங்க" என்றான் பிகாஷ். "சீலயப் பாத்தீங்க. மூஞ்சி தெரியலீங்க. தெரியாம அடிச்சீங்க. பொறவு நான் உளுந்தப்ப மூஞ்சியப் பாத்தீங்க. நானும் பாத்தனுங்க. ஓனர் வந்துட்டாரு, இனி அடி நின்னுரும்னு நெனச்சனுங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பூபதிக்கு அந்தச் சீலையை நன்றாகத் தெரியும். சொந்தத் தறியில் ஓட்டிய முதல் பாவில் இறங்கிய சீலை. முந்தானைக்கு ஒரு சாண் கீழே இழை விட்டுப் போய் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். விற்க முடியாது என்று ரஞ்சிதாவுக்கே கொடுத்தான். இத்தனை தறி ஓடுகிற ஊரில் அந்தக் கோடு வேறு எந்தச் சீலையிலும் இல்லை. மேட்டுப்பாதையில் தூறலுக்குள் அந்தக் கோடுதான் முதலில் அவன் கண்ணில் பட்டது. பூட்டின வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று நினைத்தான். கட்டை இறங்கிவிட்டது. பிறகு முகம் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான். அண்ணன் பார்த்தார். ஊர் பார்த்தது. தன் ஆளையே தான் அடித்தோம் என்று அங்கே எப்படிச் சொல்வது என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை முடிவதற்குள் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள்.

"என்னப்பா, சொல்றது நெசமா?" என்றார் ஏட்டு.

"நெசமுங்க."

"மொதல்ல நீயா?"

"நானுங்க."

ஏட்டு எழுதினார். "அப்பறம்?"

பூபதி நின்றான். சட்டைப்பையில் மடித்துவைத்த தாளின் விளிம்பு வெளியே தெரிந்தது. அவனுடைய போன் அடித்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றியிருந்தான். திரையில் அண்ணன் பெயர். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

ரஞ்சிதா, தான் எதுவும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் சொன்னால் அவன் தலையை ஆட்டுவான். அப்படி ஆட்டின தலை பிகாஷுக்கு எதற்கும் ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது.

"எங்கண்ணனுங்க" என்றான் பூபதி கடைசியில். "காளிதாஸ்." பிறகு மற்ற பெயர்களையும் சொன்னான். ஏட்டு ஒரு பெயரைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். பிகாஷ் சுவர்ப்பக்கம்தான் இருந்தான். கேட்டானா என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு இருவரும் வராந்தாவில் வெகுநேரம் நின்றார்கள். எங்கே போவது என்று தெரியாமல்தான் நின்றார்கள். மேட்டு வீட்டுக்கு இனிப் போக முடியாது. பள்ளத்து வீட்டில் சேறு.

"கேட்டேன், சொல்லல" என்றாள் ரஞ்சிதா. "கேட்டப்பக்கூடச் சொல்லலயே."

"எப்படிச் சொல்றது?"

"அந்தக் கைல டீ வாங்கிக் குடிக்க வந்தீங்களே."

"குடிக்கல."

"ஆமா. குடிக்கல."

இறங்கி நடக்கத் தொடங்கியபோது பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம். சுமித்ரா வந்தாள். கையில் தூக்குப்போசி. தண்ணீர் சொட்டாமல் முந்தானையால் துடைத்திருந்தாள்.

"சாப்ட்டானா?" என்று ரஞ்சிதா கேட்டாள்.

"சாப்ட்டாருங்க. நானும் சாப்ட்டனுங்க."

"ஊருக்குப் போறீங்களா சுமித்ரா?"

"கட்டுப் பிரிச்சதும் போறமுங்க. எங்கண்ணன் வாராருங்க."

"துணிமணியெல்லாம் ரூம்ல இருக்குது. தொவச்சு வெக்கட்டுமா?"

"வேண்டாமுங்க" என்றாள் சுமித்ரா. பூபதி நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை. போசியை ரஞ்சிதாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரஞ்சிதா போசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கொண்டலாம்பட்டி தாண்டிய பிறகுதான் மூடியைத் திருகித் திறந்தாள்.

"என்ன வெச்சிருக்கா?" என்று பூபதி கேட்டான்.

அவள் போசியைச் சாய்த்துக் காட்டினாள். அவன் அதை வாங்கி உள்ளே பார்த்தான். ஒன்றும் இல்லை. அடிவரை நன்றாகக் கழுவியிருந்தது. மூடியைப் போட்டு, இறங்குகிறவரை தன் மடியிலேயே வைத்துக்கொண்டான்.